பிதுங்கி வரும் பக்கம்

ஒர்க்‌ஷாப்பில் ஜீப்பை விட்டு எடுத்தால் பில்லின் கடைசியில் ‘ஜெனரல் கிரீசிங்’ என்று ஒரு வரி இருக்கும். அடித்தார்களா என்றால் அடித்திருப்பார்கள். கிரீஸ் ஏற்றுகிற குட்டி மூக்குக்கு நிப்பிள் என்று பெயர். கைக்கு எட்டிய நிப்பிளில் எல்லாம் ரெண்டு பம்ப், வெளியே வழிந்ததை வேஸ்ட் துணியால் ஒரு துடைப்பு. வண்டி பளிச்சென்று வீட்டுக்கு வரும். எனக்கு உறுத்துவது அந்தத் துடைப்புதான். பழைய கிரீஸ் என்ன நிறத்தில் வந்தது, எந்த மூட்டில் வரவே இல்லை, எங்கே தண்ணீர் கலந்து வந்தது என்ற விவரம் முழுக்க அந்தத் துணியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. உள்ளே போகிற கிரீஸுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வதோ வெளியே பிதுங்கி வருகிற கிரீஸ்.

எங்களிடம் இருப்பது மஹிந்திரா எம்எம்540. பியூஜோவின் எக்ஸ்டிபி டீசல் இன்ஜின், 2112 சிசி. போடியில் வீடு, பூப்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம். முந்தல் செக்போஸ்ட் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதுவரைக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச தூரமும் தார்ரோடு. தோட்டத்துக்குள் திரும்பினால் கல், சேறு, நடுவில் ஒரு ஓடை. ஜூன் தொடங்கி மேலே மழை விடாது. அதே நாளில் கீழே போடியில் சொட்டு மழை இருக்காது, மண்ணை வாரி இறைக்கிற ஆடிக்காற்று மட்டும் இருக்கும். காலையில் புழுதி, மத்தியானம் சேறு, சாயங்காலம் மறுபடியும் புழுதி. இப்படி ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு ஒத்து வராது.

போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்காரர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. லீவு நாளில் வீட்டு வாசலில் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்திருப்பார்கள். நான் எழுதுவது வார இறுதிக்கு ஒரு பழைய ஜீப்போ ஜிப்ஸியோ வாங்கி வைத்துக்கொண்டு, கழுவுவதையே பராமரிப்பு என்று நினைத்திருக்கிற ஆட்களுக்காக.

இந்த வண்டியின் எலும்புக்கூடு இரண்டாம் உலகப்போர் காலத்தது. 1947-ல் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதன்பிறகு இன்ஜின் மாறியது, முகப்பு மாறியது. அச்சும், வண்டியைத் தாங்குகிற வில் பட்டையும், ஸ்டியரிங் கம்பிகளும் ரொம்ப நாள் வரை அதே யோசனையில்தான் வந்தன. அசைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிப்பிள். பழைய வில்லிஸ் கையேட்டில் அடிப்பகுதிக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் என்று இருக்கும். அச்சு முழுகும் அளவு தண்ணீரில் இறங்கி ஏறினால் அந்தக் கணக்கும் செல்லாது, அன்றைக்கே அடித்துவிட வேண்டும். சேற்றுத் தண்ணீர் மூட்டுக்குள் ராத்தங்கினால் காலையில் அங்கே துரு வேலையைத் தொடங்கியிருக்கும்.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிற சோப்பு. லித்தியம் கிரீஸில் அந்தச் சோப்பு பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிடைக்கிற 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்தால் ஆனது. நம் தாத்தாக்கள் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டார்கள், நாம் அதையே தொழிற்சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து டின்னில் வாங்குகிறோம். கெட்டித்தன்மைக்கு என்எல்ஜிஐ எண் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பை கிரீஸின் மேல் விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 2-ஆம் எண் என்றால் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர். அடிப்பகுதி மூட்டுகளுக்கு இந்த 2-ஆம் எண் போதும். ஸ்பேர்ஸ் கடையில் சும்மா ‘கிரீஸ் குடுங்க’ என்றால் பெரும்பாலும் அதைவிடக் கெட்டியான 3-ஆம் எண்ணை எடுத்து வைப்பார்கள். வீல் பேரிங்குக்கு அது பரவாயில்லை. மார்கழிக் குளிரில் மேலே தோட்டத்தில் கையால் அடிக்கிற கிரீஸ் கன்னில் அதை ஏற்றினால் தோள் கழன்றுவிடும்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. சிவப்பும் நீலமும் சாயம். டப்பாவில் பார்க்க வேண்டியது சோப்பு வகையும் எண்ணும். களிமண் வகை, பாலியூரியா வகை கிரீஸ்களை லித்தியத்தின் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிட வாய்ப்பு உண்டு. அதனால் ஒரே வகையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போவது நல்லது. மாற்றத்தான் வேண்டுமென்றால் பழசு முழுக்க வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.

கீழே படுப்பதற்கு முன் ஒரு விஷயம். இதில் விளையாட்டே கூடாது. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. இன்ஜின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், அந்தச் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், அச்சின் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் பின்பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் முன்பக்கம் சுற்றும். ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும், கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. ஆகவே தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்குகிற பொருள், மனுசன் அடியில் படுக்கிற இடத்துக்கு ஆகாது. வெறும் கிரீஸ் அடிக்கத் தூக்கவே தேவையில்லை, ஜீப்புக்கடியில் இடம் தாராளமாக இருக்கிறது.

முதல் வேலை துடைப்பது. நிப்பிள் தலையில் ஒட்டியிருக்கிற மண்ணைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், முதல் பம்பில் அந்த மண் நேராக மூட்டுக்குள் போகும். டீசலில் நனைத்த பிரஷ், காய்ந்த துணி, அதன்பிறகுதான் கன். கையால் அடிக்கிற சாதாரண கன்னே சில ஆயிரம் பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். ஜீப் டயரில் நாம் அடிக்கிற காற்று முப்பதுக்குப் பக்கத்தில். அதனால் கை இறுகும்போது முக்கிக்கொண்டு அழுத்தக்கூடாது, நின்று யோசிக்க வேண்டும். நிப்பிளுக்குள் இருக்கிற சின்ன குண்டு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், அதற்குப் பின்னால் காய்ந்துபோன கிரீஸ் அடைத்திருக்கலாம். கழற்றி டீசலில் போட்டு, ஊசியால் குண்டை அழுத்தி, அது துள்ளித் திரும்புகிறதா என்று பார்க்கலாம். திரும்பவில்லையென்றால் புதுசு. நிப்பிள் சல்லிசான சாமான், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மரை மட்டும் கவனம். ஜீப்பில் பழைய அமெரிக்க இன்ச் மரை, கடையில் சுலபமாகக் கிடைப்பது மெட்ரிக். பழசைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்காமல் வந்து முறுக்கினால் மரை செத்துவிடும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில்தான் எனக்கு நேரம் அதிகம் போகும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு கிராஸ், அதாவது சிலுவை வடிவ மூட்டு. ஒரு கிராஸுக்கு நாலு முனை, நாலு முனையிலும் ஊசி ஊசியாக பேரிங் நிறைந்த ஒரு கப். நடுவில் இருக்கிற ஒரே நிப்பிள் வழியாக நாலு கப்புக்கும் கிரீஸ் போக வேண்டும். மெதுவாக அடிக்கும்போது நாலு கப்பின் விளிம்பிலும் கண்ணை வைக்க வேண்டும். முதலில் கறுப்பாக வரும், பிறகு புது கிரீஸின் நிறம். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிரீஸ் எதிர்ப்பு குறைவான வழியில் ஓடிவிடும், அடைபட்ட கப் பட்டினி கிடக்கும். அந்த கப் இருக்கிற பக்கம் ஷாஃப்டைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடித்தால் சில நேரம் திறந்துகொள்ளும். திறக்காமல், அந்த விளிம்பில் செங்கல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தால் ஊசிகள் காய்ந்து அரைபடுகின்றன. அந்த கிராஸுக்கு இனி கிரீஸ் அடித்துப் புண்ணியமில்லை. வண்டியை முன்னும் பின்னும் எடுக்கும்போது ‘டக்’ என்று கேட்டால் அது கடைசி கட்டம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் முடிப்பார். “தம்பி, மூணு பக்கம் வந்துச்சுன்னா முக்காவாசி நல்லாருக்குன்னு நெனைக்காத. நாலாவதுதான் நடுரோட்டுல வுழுகும்.”

ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் பகுதியில் நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். அங்கே நிறைய அடிப்பது கெடுதல். உள்ளே காலியிடம் முழுக்க கிரீஸால் நிறைந்தால், பட்டை அமுங்கும்போது ஷாஃப்ட் சுருங்க இடமிருக்காது. அந்த அழுத்தம் முன்னால் டிரான்ஸ்பர் கேஸ் பேரிங்கையும் பின்னால் டிஃபரன்ஷியலின் பினியன் பேரிங்கையும் போய் இடிக்கும். ரெண்டு மூணு பம்ப், விளிம்பில் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் கிடைத்தால் இந்த இடத்துக்கு அதுதான் ஏற்றது. ஷாஃப்டைக் கழற்ற நேர்ந்தால் இரண்டு துண்டிலும் சாக்பீஸால் ஒரே நேர்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி ஓட ஓட நடுங்கும், ஆட்கள் வீல் பேலன்சிங்குக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

முன் அச்சின் இரண்டு முனையிலும் உருண்டையாக ஒரு மூடிய உறை இருக்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற மூட்டு அதற்குள் கிரீஸில் முழுகிக் கிடக்கும். மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கும் இந்த அமைப்பு பழக்கம். உறையைச் சுற்றி ஃபெல்ட்டும் ரப்பருமாக ஒரு சீல், வெளிச் சேற்றை வழித்துத் தள்ளுவதற்கு. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் உடனே சீலைத் திட்டக்கூடாது, விரலில் தொட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். கெட்டியான கிரீஸ் என்றால் வெளி சீல் தேய்ந்திருக்கிறது. தண்ணியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் அது டிஃபரன்ஷியலின் கியர் ஆயில். அச்சின் உள்சீல் போய், ஆயில் உறைக்குள் வந்து, கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. முதலாவது பாதி நாள் வேலை, இரண்டாவதுக்கு அச்சு ஷாஃப்டையே வெளியே இழுக்க வேண்டும். மூக்கை நம்பாமல் வெளி சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதே ஈரம் வந்து நிற்கும்.

வீல் பேரிங்குக்கு நிப்பிள் கிடையாது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றி, பேரிங்கை டீசலில் கழுவி, காய வைத்து, உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை திணிக்க வேண்டும். மேலே பூசிவிட்டுப் பூட்டுவதும் பூட்டாததும் ஒன்றுதான். பிறகு நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அது பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விட்டு, லாக் வாஷரை மடக்கிப் பூட்டு நட்டைப் போடுவது பழைய ஜீப் முறை. ஹப் நிறைய கிரீஸ் அடைப்பதும் வேண்டாம். சூட்டில் இளகி பிரேக் லைனிங்கில் வழிந்தால் 17 வளைவு இறங்குகிற ரோட்டில் அது நல்ல சேதி இல்லை. டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், ஈரத்துணியால் துடைப்பதே நுரையீரலுக்கு மரியாதை.

ஹப் எப்படி இருக்கிறது என்று அறிய அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை. இறங்கி வரும்போது முந்தலில் டீக்கு நிறுத்தினால் நாலு ஹப்பையும் புறங்கை காட்டிப் பார்ப்பேன். நாலும் சுடும், இறக்கத்தில் பிரேக் போட்டு வந்த வண்டி. ஒன்று மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகச் சுட்டால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. முன்னதா பின்னதா என்று வீட்டுக்கு வந்து தூக்கிச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டான டைராடு எண்டில் ரப்பர் மூடி லேசாக உப்பியதும் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பட்டைக்கு வருவோம், எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இது. வாட்டர் சர்வீஸ் போனால், கழுவி முடித்ததும் ஒரு ஸ்ப்ரே கன்னில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பகுதி முழுக்க அடித்துவிடுவார்கள். துரு பிடிக்காதாம். கறுகறுவென்று மினுங்குவதைப் பார்த்து வண்டிக்காரருக்கும் சந்தோசம். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், டைராடு மூடி எல்லாவற்றையும் ஊற வைத்து உப்ப வைக்கும். அதன் மேல் தேனிப் புழுதி படிந்தால் பட்டைக்குப் பட்டை நடுவே உட்கார்ந்து அரைக்கிற பசை தயார். பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கிற ஷேக்கிளில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிக்கலாம், அடிக்கத்தான் வேண்டும். ரப்பர் புஷ் போட்ட ஷேக்கிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட ஆகாது. கீச்சென்று சத்தம் வந்தால் தண்ணீர் விட்டுக் கழுவினாலே பாதி போய்விடும், மீதி புஷ் மாற்றினால் போகும். துருவுக்குப் பயந்தால் சுரண்டி பிரைமர் அடித்து பெயிண்ட் அடிக்கலாம். பட்டையைப் பிடிக்கிற யூ போல்ட் நட்டுகளைத் தோட்டத்துக்குப் போய்வந்த பிறகு ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது கிரீஸ் அடிப்பதைவிட முக்கியம். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் முறிந்து அச்சே நகர்ந்துவிடும்.

ஓடையில் இறங்குகிற வண்டிக்கு டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழலைப் பார்க்காமல் வேறெதைப் பார்த்தும் பயனில்லை. ஓடி வந்த சூட்டில் ஹவுசிங்குக்குள் காற்று விரிந்திருக்கும். சில்லென்ற தண்ணீரில் இறங்கியதும் அது சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ஹவுசிங்கின் மேலே இருக்கிற சின்ன மூச்சுக்குழல் சேற்றால் அடைத்திருந்தால், காற்றுக்குப் பதில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வரும். அப்படி வந்தால் அன்றைக்கே வடித்து மாற்றிவிட வேண்டும். மூச்சுக்குழலுக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி மேலே பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லை பெரிய அளவில் தீர்ந்தது, செலவும் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் குழாய்தான்.

ஆயில் மாற்றும்போது நிரப்புகிற பிளக் கழலுகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கிற பிளக்கில் கை வைக்க வேண்டும். இருக்கிற ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டி வாசலிலேயே கிடக்கும். சமதரையில் நிறுத்தி, ஓட்டையின் கீழ் உதடு வரை நிரப்பினால் அளவு சரி, விரலை விட்டாலே தெரியும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோனைசர் இருக்கிறது, அதற்கு ஜிஎல்-4. இரண்டுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றிவிடுவது கடைக்காரருக்குத்தான் வசதி. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்துவிடலாம்.

மற்றபடி, டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது, ஆடியில் ஏர் கிளீனர் கிண்ணத்தின் ஆயிலை மாற்றி அடியில் சேர்ந்த மண்ணை வழித்துப் போடுவது, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுவது எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைகள். மாதம் ஒருமுறையாவது ஃபோர் வீல் போட்டு மண் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் முன் அச்சின் பற்களில் ஆயில் படும். தார்ரோட்டில் வேண்டாம். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் இல்லை, திருப்பத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபறி ஆகிவிடும்.

2020-ல் வந்த மஹிந்திரா தார் மாதிரிப் புது வண்டிகளில் பெரும்பாலான மூட்டுகள் சீல் பண்ணியவை, கன்னுக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை. அதை மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று விற்கிறார்கள். ரப்பர் மூடி கிழிந்த அன்றைக்கே அந்த மூட்டுக்கு ஆயுள் எண்ண ஆரம்பித்துவிடும் என்பதை விற்கும்போது சொல்வதில்லை. ஆகவே அந்த வண்டிக்காரர்களும் டார்ச்சோடு கீழே ஒருமுறை படுத்து, மூடி ஒவ்வொன்றையும் விரலால் மடக்கிப் பார்ப்பது நல்லது.

இந்த வாரம் எங்கள் வண்டியில் பின் கிராஸ் நாலு பக்கமும் சுத்தமாக வந்தது. முன் இடது உருண்டையின் அடியில் மட்டும் ஈரம், முகர்ந்தால் கந்தக நாற்றம். உள்சீல் போடியில் கிடைக்கவில்லை. மதுரையில் பழைய ஜீப் சாமான் வைத்திருக்கிற கடையில் கேட்டால், “அச்சு நம்பர் பாத்துட்டு வாங்கண்ணே, ரெண்டு மூணு சைஸ் இருக்கு” என்கிறார்கள். நம்பர் தகட்டின் மேல் வாட்டர் சர்வீஸ்காரர் என்றைக்கோ அடித்த கறுப்பு ஆயில் தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. முதலில் அதைச் சுரண்ட வேண்டும்.